தனுஷ்கோடியின் பழைய டோப்போ ஷீட்டைத் திறந்து விடுங்கள்: இந்திய சர்வேயர் ஜெனரலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வேயர் ஜெனரல் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். பிளஸ் டூ செய்முறைக்காக வருடாவருடம் மேசை மேல் டோப்போ ஷீட்டை, அதாவது ஓர் இடத்தின் மேடு பள்ளம், பாதை, கட்டடம் எல்லாவற்றையும் அளந்து போட்ட படத்தை, விரித்துப் போட்டு, சிவப்புக் கோடு எது, நீலக் கோடு எது, கோயிலுக்கு என்ன குறி, கிணற்றுக்கு என்ன குறி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. உங்கள் சர்வே ஆஃப் இந்தியா துறை அச்சடித்த தாளை வைத்துத்தான் இருபது வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். 58 ஓ/8 என்ற எண்ணுள்ள ஷீட்டுக்கு 1964-க்கு முன்னால் வந்த பதிப்புகள் அத்தனையும் பொதுமக்கள் பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் கிடைக்க வேண்டும். அதில் தனுஷ்கோடி இருக்கிறது. இன்றைக்குத் தரையில் அந்த ஊர் இல்லை.

எண்ணைப் பார்த்து விழிக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 58 என்பது வடக்கே 8 டிகிரி முதல் 12 டிகிரி வரை, கிழக்கே 76 முதல் 80 வரை உள்ள பெரிய சதுரம். அதைப் பதினாறாகப் பிரித்து ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து கொடுப்பார்கள். ஒவ்வோர் எழுத்தையும் மறுபடி பதினாறாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஷீட். ஒரு பக்கம் ஏறக்குறைய இருபத்தேழு கிலோமீட்டர். அந்தக் காலத்து அளவில் ஒரு மைல் நிலம் தாளில் ஒரு அங்குலம். மண்டபமும் பாம்பனும் 58 ஓ/3-ல் விழும். இராமேசுவரம் ஊர் ஓ/7-ல். தனுஷ்கோடி ஓ/8-ல். ஒரு சின்னத் தீவு, மூன்று தாள்.

என் அம்மா பதினோரு வயது வரை வளர்ந்த ஊர் அது. தாத்தா தனுஷ்கோடி ஸ்டேஷனில் தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். 1964 நவம்பர் கடைசியில் மானாமதுரைக்கு மாற்றல் வந்தது. சாமான் செட்டோடு போய் இறங்கி ஒரு மாதம் ஆவதற்குள் புயலில் ஊர் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள். “உங்க ஊரைப் படமாப் போட்டுக் காட்டுங்கம்மா” என்றேன். பேப்பரையும் பேனாவையும் நீட்டினால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடுப்படிக்குப் போய் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்து வந்தார். விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை உருவி, திண்ணைச் சிமெண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதுதான் தண்டவாளம். ஸ்டேஷனுக்கு இரண்டு கொட்டை. குவார்ட்டர்ஸ் ஒரு வரிசை. தண்ணீர்த் தொட்டி, சர்ச், போஸ்ட் ஆபீஸ், சுங்கச் சாவடி, கப்பல் வந்து நிற்கும் துறை. “கடல் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். “ரெண்டு பக்கமுந்தான்” என்று சிரித்தார். இந்தப் பக்கம் பெண் கடல், அமைதியாகக் கிடக்கும். அந்தப் பக்கம் ஆண் கடல், எப்போதும் இரையும். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்றதற்கு, மணி அடிக்க ஆரம்பித்ததும் ஓடினால் அடித்து முடிவதற்குள் போய்விடலாம் என்றார்.

அன்றைக்கு ராத்திரி கொட்டைகளை அப்படியே விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தவர், குனிந்து சர்ச்சை நகர்த்தினார். சாயங்காலம் போஸ்ட் ஆபீஸை. இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட்டார். “எனக்கே சந்தேகமா இருக்குப்பா. யாரைக் கேக்குறது?” என்றார். கேட்பதற்கு அவர் வயதில் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம். அவர்களும் ஆளுக்கு ஓர் இடத்தில் வைக்கிறார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

நேரில் போய்ப் பார்க்காமல் இல்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் இப்போது யார் வேண்டுமானாலும் போகலாம். முன்பு முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் போக வேண்டும். ஸ்டேஷனின் சுவர்த் துண்டுகளும் சர்ச்சின் கூரையில்லாத சுவர்களும் நிற்கின்றன. ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், சங்கு வாங்குகிறார்கள், போகிறார்கள். அம்மாவைக் கூட்டிப்போய் ஸ்டேஷன் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து குவார்ட்டர்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஒரு திசையைக் காட்டினார். மணல். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னொரு திசையைக் காட்டினார். அதுவும் மணல். மிச்சம் நிற்கும் இரண்டு மூன்று சுவர்களை வைத்துக்கொண்டு ஓர் ஊரைத் திரும்ப வரைய முடியாது. அதற்கு அளந்த படம் வேண்டும்.

அப்படி ஒரு படத்தை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பழைய கல்லூரியின் வரைபட அறை. இரும்பு பீரோவில் மடித்து அடுக்கிய தாள்கள். அங்கிருந்த உதவியாளர் நல்ல மனிதர், என் ஊர்ப் பேரைச் சொன்னதும் தேடி எடுத்துக் கொடுத்தார். எட்டாக மடித்த தாளைக் கை நடுங்க விரித்தேன். ரயில் பாதையின் கறுப்புக் கோடு வடமேற்கிலிருந்து நீளமாக இறங்கி வருகிறது. இரண்டு பக்கமும் மணலுக்கான புள்ளிகள். விரலை வைத்து அந்தக் கோட்டோடு போனேன். மடிப்பும் மடிப்பும் குறுக்கே சந்திக்கிற இடத்தில் தாள் நைந்து, பூச்சி அரித்து, ஒரு நாலணாக் காசு அகலத்துக்கு ஓட்டை. கோடு அந்த ஓட்டையின் விளிம்பு வரை வந்து நின்றது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் கடல். ஊர் இருந்த இடம் சரியாக அந்த ஓட்டைதான். போட்டோ எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று உதவியாளர் வருத்தத்தோடு சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகையை அடக்க முடியவில்லை.

ஒரு பிரதி அரித்துப்போனால் பரவாயில்லை என்று இருக்கலாம், மூலம் உங்களிடம் டேராடூனில் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை இருப்பதால். அந்த மூலத்தைத்தான் வெளியே கொண்டு வாருங்கள் என்கிறேன்.

அந்த ஊர் எதற்காக உண்டானது என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1902-ல் ரயில் மண்டபம் வரை வந்தது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்தார்கள். அதே வருடம் அந்தப் பக்கம் தலைமன்னாரிலும் ரயில் தயார். சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, துறையில் நிற்கும் கப்பலில் 22 மைல் கடலைத் தாண்டி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, கொழும்பில் போய் இறங்கலாம். மொத்தத்துக்கும் ஒரே டிக்கெட். கடைசிக் காலத்தில் ஓடிய கப்பல்கள் இர்வின், கோஷன். இங்கே மீட்டர் கேஜ், அங்கே அகலப் பாதை. சின்ன ஊர்தான், ஆனால் சுங்கம், துறைமுக அலுவலகம், தபால், தந்தி, ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன எத்தனையோ குடும்பங்கள் கடைசியாகக் கால் வைத்த இந்திய மண் அது. மலையகத்திலிருந்து இன்றும் யாராவது வந்து, எங்கள் பாட்டி கப்பலேறிய துறை எது என்று கேட்டால், கடலைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பாம்பனில் நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடிக்குச் சில நூறு கஜம் இருக்கையில் அலைக்குள் போனது. ஆறு பெட்டி, 115 பேர். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை. ஊர் குடியிருக்க லாயக்கற்றது என்று அரசு அறிவித்தது. தாத்தாவுக்கு அந்த ரயிலில் வேலை செய்தவர்களைத் தெரியும். கடைசி வரை அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அதனால் நானும் இதோடு விடுகிறேன்.

ஆசிரியராக எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒரு அங்குலப் படங்களில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சம உயரக் கோடு 50 அடிக்கு ஒன்று. தனுஷ்கோடி மணல் திட்டில் 50 அடியைத் தொடும் இடமே கிடையாது. ஆகவே நான் பார்த்த தாளில் ரயில் பாதையின் ஓரத்தில் பழுப்புக் கோடு ஒன்றுகூட ஓடவில்லை. கொடைக்கானல் பக்கத்து ஷீட்டை விரித்தால் பிள்ளைகளுக்குக் கண் கூசும், அவ்வளவு கோடு நெருக்கியடிக்கும். இங்கே வெறும் புள்ளி. “சார், இதுல ஒண்ணுமே இல்லையே” என்பான் ஒரு பையன். அந்த ஒன்றுமில்லாமை என்ன சொல்கிறது என்று அவனையே யோசிக்க வைக்கலாம். இருபது அடிக்கு மேல் அலை எழுந்தால் இந்த ஊரில் எந்த மேட்டில் ஏறி நிற்பாய் என்று கேட்கலாம். கடற்கரை மாவட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இன்று அந்தப் பாடத்தைப் படம் இல்லாமல் கரும்பலகையில் கையால் போட்டு நடத்துகிறேன்.

எல்லாப் பதிப்பும் வேண்டும் என்று ஏன் கேட்கிறேன் என்றால், அந்த நிலம் புயலுக்கு முன்னாலேயே அசைந்திருக்கிறது. 1948, 1949-ல் மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதி ஏறக்குறைய ஐந்து மீட்டர் கீழே இறங்கியது, ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு அரை கிலோமீட்டர் அகல நிலம் தண்ணீருக்குள் போனது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு சொல்கிறது. அதற்கு முன்னால் அளந்த ஷீட்டையும் பின்னால் திருத்திய ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் கரை நகர்ந்தது புரிந்துவிடும். கரை மாற்றத்தை ஆராய்கிறவர்கள் செயற்கைக்கோள் படங்களோடு டோப்போ ஷீட்டைத்தான் ஒப்பிடுகிறார்கள். எவ்வளவு பழைய ஷீட் கையில் கிடைக்கிறதோ அவ்வளவு தூரம் பின்னால் போய்ப் பார்க்கலாம். இது வெறும் பழங்கதை ஆசை இல்லை ஐயா. கம்பிப்பாடு, பாலம் என்ற குப்பங்களில் இன்றும் மீனவக் குடும்பங்கள் அந்த மணலில்தான் வாழ்கின்றன. 2019-ல் புது ரயில் பாதைக்கு அடிக்கல்கூட நாட்டினார்கள். அங்கே எதைக் கட்டுவது, எதைக் கட்டக்கூடாது என்று பேசும் முன்னால் அந்த நிலம் நூறு வருடமாக எப்படி நடந்துகொண்டது என்று எல்லோரும் பார்க்க வேண்டாமா?

இனி, தடை என்று எதைச் சொல்லலாம் என்று நானே யோசித்துப் பார்த்தேன்.

பாதுகாப்பு என்றால், கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய அகலமான பட்டையில் வரும் ஷீட்டுகள் வெகுகாலம் கட்டுப்பாட்டில் இருந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்திருக்கும். இன்றைக்கு அரிச்சல்முனையில் நிற்கும் காரின் நிறம்வரை யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கலாம். 1964-க்கு முந்தைய ஷீட் காட்டும் ஸ்டேஷனும் துறையும் தந்தி ஆபீஸும் இப்போது இல்லவே இல்லை. இல்லாத ஒன்றுக்கு என்ன காவல்?

பதிப்புரிமை என்றால், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வெளியிட்டவற்றுக்கு 60 வருடம்தான். 1964 வரை அச்சான எல்லாவற்றுக்கும் அந்தக் கெடு 2024 கடைசியோடு முடிந்தது.

கொள்கை என்றாலும் காற்று திறக்கிற பக்கம்தான் வீசுகிறது. 2005-ல் தேசிய வரைபடக் கொள்கை வந்து பொதுமக்களுக்கான பட வரிசை என்று ஒன்று தனியாகப் பிரிந்தது. 2017-ல் உங்கள் துறைக்கு 250 வயதானபோது நக்‌ஷே தளத்தில் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுப் படங்களை இலவசமாகத் தந்தீர்கள். அன்றைக்கு முதல் வேலையாக எங்கள் பள்ளி கணினியில் உட்கார்ந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். 2021 பிப்ரவரியில் புவியியல் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளைப் பெரிய அளவில் தளர்த்தினார்கள். 2022-ல் தேசியக் கொள்கையே வந்தது. ஆனால் இதெல்லாம் இன்றைய படங்களைப் பற்றியது. பழைய பதிப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவை பீரோவில் இருக்கின்றன.

அமெரிக்காவின் நிலவியல் ஆய்வுத் துறை 1884 முதல் அச்சடித்த டோப்போ ஷீட்டுகளை, ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல், வருடி, அதாவது ஸ்கேன் செய்து, இணையத்தில் வைத்திருக்கிறது. இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான். ஏதோ ஒரு மாகாணத்தில் ஒரு ரயில் சந்திப்பைச் சுற்றி முளைத்த, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருக்குப் பேர் அடித்துப் பார்த்தேன். நான்கு பதிப்பு வந்து நின்றது. முதலில் ஒற்றைத் தண்டவாளம், அப்புறம் பக்கவாட்டுப் பாதைகள், அப்புறம் தண்டவாளமே இல்லாத ஒரு தடம். வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் புள்ளி. அங்கே பிறந்த ஒருவர் தன் வீட்டை எண்ணிக் காட்டலாம். ஸ்காட்லாந்தின் தேசிய நூலகத் தளத்தில் பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போர்த்தி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். தனுஷ்கோடிக்கு இணையத்தில் எளிதாகக் கிடைப்பது 1950-களில் அமெரிக்க ராணுவம் தன் தேவைக்குப் போட்ட படம். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அதை வைத்திருக்கிறது. அதன் அளவு இரண்டரை லட்சத்துக்கு ஒன்று, அதாவது ஒரு மைலுக்கு ஆறு மில்லிமீட்டர் சொச்சம். எங்கள் ஊர் முழுக்க ஒரு அரிசி மணிக்குள் அடங்கிவிடும்.

உங்கள் துறையின் பெரிய வேலையான நாடு தழுவிய நில அளவை எங்கள் மண்ணில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது 1808-ல் அது மோதிச் சேதமாகி, அவரே உட்கார்ந்து பிரித்துச் சரிசெய்தார். அந்தக் கருவிகளைத் தூக்கியவர்கள், சங்கிலி பிடித்தவர்கள், பின்னால் கடற்கரை மணலில் படம் வரையும் பலகையான பிளேன் டேபிளைத் தோளில் வைத்து நடந்த கலாசிகள் என்ற உதவியாட்கள் பெரும்பாலும் இந்த ஊர் ஆட்கள். அவர்கள் கால் சுட நடந்து அளந்ததில் ஒரு பங்கு எங்களுக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 58 ஓ/3, ஓ/7, ஓ/8 மூன்றையும் சேர்த்தே வருடுங்கள்; பாம்பனிலிருந்து கோடு அறுபடாமல் வர வேண்டும். ஓரங்களை வெட்டாதீர்கள். எந்த வருடம் அளந்தது, எப்போது திருத்தியது, குறிவிளக்கம் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது. எழுத்து தெரிகிற துல்லியம் வேண்டும், கடவுச்சொல்லும் கட்டணமும் வேண்டாம். பிளேன் டேபிளில் போட்ட மூலத் தாள்கள் மிஞ்சியிருந்தால் அவற்றையும் போடுங்கள். அச்சுக்கு வராத வீடுகள் அதில் இருக்கக்கூடும். ஊர்ப் பேர்களை அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் கேட்டபடி எழுதியிருப்பார்கள். பக்கத்தில் தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் என் பிளஸ் டூ பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள், நான் உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன். இது நன்றாக வந்தால் அடுத்து 1986-ல் ரயில் நின்றுபோன தரங்கம்பாடிப் பாதைக்கும் கேட்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிரதி ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, மழை வெயில் தாங்குகிற தகட்டில், தனுஷ்கோடி ஸ்டேஷன் சுவருக்குப் பக்கத்தில் வைக்க மாவட்ட நிர்வாகத்திடம் நானே மனு கொடுக்கிறேன். வருகிறவர்கள் தாங்கள் நிற்கும் இடம் எந்தத் தெரு என்று பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. கண்ணில் புரை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது ஊசியில் நூல் கோக்கிறார். புளியங்கொட்டைகளை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். இந்த மடல் எழுதுவதைச் சொன்னேன். “படம் வந்துச்சுன்னா முதல்ல சர்ச்சு எந்தப் பக்கம்னு பாரு” என்றார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
ஒரு புவியியல் ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.